வண்டி உறங்கிய பிறகு ரிமோட்

அத்தியாயம் 9

கல்யாணம் முடிந்து மூன்று மாதமாகிறது. இந்த மூன்று மாதத்தில் ஜெபிஷா எட்சனை ஒரு முறைகூட எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பேசவில்லை என்று சொன்னால் அது பாவம். பேசுவாள். "அம்மா சாப்பிட வரச் சொன்னாவ" என்பாள். "கேட்டுல யாரோ நிக்காவ" என்பாள். எல்லாம் மரியாதையாகத்தான். ஆனால் அப்பா என்றோ, மாமா என்றோ, அங்கிள் என்றோ ஒரு சொல் வாயில் வராமலே ஒரு பிள்ளை ஒரே வீட்டுக்குள் இத்தனை நாள் சமாளிக்க முடியும் என்பதை எட்சன் இப்போதுதான் கண்டுகொண்டான். அவன் முதுகு காட்டி நின்றால், திரும்பும் வரை காத்திருப்பாள். மாடியில் இருந்தால், கீழேயிருந்து விளிக்காமல் படியேறி வருவாள்.

நாற்பது தாண்டும் வரை கல்யாணம் வேண்டாம் என்று இருந்த மனிதன், சஜிதாவையும் அவள் மகளையும் சேர்த்துத்தான் ஆசைப்பட்டுக் கட்டினான். சஜிதாவின் முதல் கணவன் அஜின் ஷார்ஜாவில் நெஞ்சுவலி வந்து போனபோது ஜெபிஷாவுக்கு ஏழு வயது. அஜினின் அண்ணன் மத்தியாஸ், குலசேகரத்துக்காரர், இந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. "எனக்க தம்பி இருந்த இடத்துல இன்னொருத்தனைப் பாக்க எனக்குக் கண்ணு இல்ல" என்று சபையார் முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து போன் கூடக் கிடையாது.

போன வாரம் எட்சன் மனம் வாடி உட்கார்ந்திருந்தபோது சஜிதா அவனைத் தேற்றினாள். "பிள்ளை தானாட்டு விளிக்கட்டும். நாம இழுத்தா இன்னும் தூரம் போவா" என்றாள். எட்சன் தலையாட்டினான். தலைதான் ஆடியது, மனம் ஆடவில்லை.

இன்று ஜெபிஷாவுக்குப் பிறந்தநாள். பதினொன்று முடிகிறது.

எட்சன் விடுவானா? களியக்காவிளையில் பொம்மைக்கடை வைத்திருப்பவன் வீட்டில் பிறந்தநாள். கடையின் மேல்தட்டிலிருந்து இருப்பதிலேயே பெரிய ரிமோட் காரை இறக்கி, மினுங்குகிற தாளில் சுற்றி, காலையிலேயே அவள் கையில் கொடுத்தான். விளக்கு எரியும், சைரன் கூவும், ரிமோட்டை அமுக்கினால் கதவு தானாகத் திறக்கும். ஊரில் எந்தப் பிள்ளையும் துள்ளியிருக்கும்.

ஜெபிஷா தாளைக் கிழிக்காமல் பிரித்தாள். காரைப் பார்த்தாள். "நல்லா இருக்கு, தேங்க்ஸ்" என்றாள். பிறகு அதைப் பழையபடி பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் விடியும் முன்னே வரும் பெரியப்பாவின் அழைப்பு இன்று இன்னும் வரவில்லை.

சஜிதா மார்த்தாண்டத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு அன்று பகல் டியூட்டி. சனிக்கிழமை, பள்ளிக்கூடமும் இல்லை. பிறந்தநாள் அன்று பிள்ளையை வீட்டில் தனியாக விட மனம் வராமல் எட்சன் அவளைக் கடைக்குக் கூட்டிப் போனான்.

எட்சனின் கடை எல்லையோரக் கடை. ஒருவர் தமிழில் விலை கேட்டால் அடுத்தவர் மலையாளத்தில் குறைத்துக் கேட்பார். பள்ளிக்கூடப் பை, தண்ணீர் பாட்டில், வளையல், பொம்மை என்று வாசல் வரை தொங்கும். கடையில் எட்சன் முதலாளி, தேவகனி வேலைக்காரி. தேவகனியிடம் கேட்டால் வரிசை மாறும்.

ரிமோட் கார் விற்பது மட்டும் எட்சனின் வேலை. அது அவனுக்குக் கைவந்த கலை. பெட்டியைப் பிரித்து, பாட்டரி செல் போட்டு, தரையில் விட்டு ஒரு ஓட்டு ஓட்டுவான். வந்த பிள்ளையின் கண் விரிந்ததும் ரிமோட்டின் சுவிட்சைத் தட்டி அணைத்துவிடுவான். ரிமோட் அணைந்தால் கார் நின்ற இடத்தில் நிற்கும், செல்லும் வீணாகாது. பல வருடப் பழக்கம் அது. அவன் யோசிக்கவே வேண்டாம், கட்டைவிரல் பார்த்துக்கொள்ளும்.

கல்லாவுக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டி உண்டு. ஓடாமல் திரும்பி வந்த கார்கள் எல்லாம் அதில் கிடக்கும். தேவகனி அதற்குச் செத்த பெட்டி என்று பெயர் வைத்திருந்தாள். உடைந்த காரோடு யாராவது வந்து நின்றால் எட்சன் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "இதுக்கு பார்ட்ஸ் வராது. போட்டு, விட்டிருங்க, புதுசு ஒண்ணு எடுத்துக்கோங்க."

பத்து மணிவாக்கில் பாறசாலையிலிருந்து ஓர் இளம் தாய் சின்னப் பையனோடு வந்தாள். எட்சன் பெரிய ஜீப் ஒன்றை ஓட்டிக்காட்டி, ரிமோட்டை அணைத்து, பெட்டியை நீட்டினான்.

"இது கேடாவுமா அண்ணே?" என்று கேட்டாள் அவள்.

எட்சன் வாய் திறப்பதற்குள், மூலையில் ஸ்டூலில் இருந்த ஜெபிஷா "ஆவும்" என்றாள்.

அந்தத் தாய் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"எல்லாம் கேடாவியதுதான் பிள்ளே. மனுஷனே கேடாவல்லியா" என்று தேவகனி பாய்ந்து வந்து வியாபாரத்தைத் தாங்கிப் பிடித்தாள்.

"இல்லக்கா, இது ஒடிஞ்சா பார்ட்ஸ் கிடைக்காது. அதுதான் சொன்னேன்" என்றாள் ஜெபிஷா. பிறகு அந்தத் தாயைப் பார்த்து, "தம்பிக்கு இது பெருசு. இதுக்க கம்பி கண்ணுல குத்தும். அந்தா இருக்கே, அந்தச் சின்னது போதும். செவருல முட்டினாலும் ஒண்ணும் ஆவாது" என்றாள்.

அந்தத் தாய் சின்னதை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனாள். பையன் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். தேவகனி எட்சனைப் பார்த்து, "முதலாளிக்கு ஆள் வந்தாச்சு" என்று முணுமுணுத்துவிட்டு வளையல் பக்கம் போனாள்.

எட்சன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்தான்.

"அப்பம் காலையில நான் தந்ததும் கொள்ளாதா மக்கா? நல்லா இல்லியா?"

ஜெபிஷா தயங்கினாள். "உள்ளதைச் சொல்லட்டா?"

"சொல்லு."

"அது கடைக் கார். பட்டனை அமுக்கினா ஒரே ஓட்டம், விட்டா நிக்கும். பைய போகச் சொன்னா அதுக்குத் தெரியாது. கொறச்சு திரும்பச் சொன்னாலும் தெரியாது, முழுசாத்தான் திரும்பும்."

"பின்னே எது நல்ல கார்?"

"அப்பாக்க வண்டி" என்றாள். சொன்னதும் அவன் முகத்தை ஒரு முறை பார்த்தாள். அதில் ஒன்றும் மாறவில்லை என்று கண்டதும் மடை திறந்தது.

"அதுல பட்டன் இல்ல, டிரிகர். கொறச்சு இழுத்தா கொறச்சு போகும், நல்லா இழுத்தா பைக் மாதிரி சாடும். எறும்பு ஊருத மாதிரியும் ஓட்டலாம். எல்லாம் ஸ்குரூதான், ஒட்டு கிடையாது. கியர் தேஞ்சா கியரை மட்டும் மாத்தலாம். குலுக்கத்தைத் தாங்குத ஸ்பிரிங்குக்கு உள்ள எண்ணெய் ஊத்தணும். ஓட்டி முடிச்சா மண்ணு தட்டித் துடைக்கணும். மெனக்கெட மாட்டேன்னு சொல்லுதவங்களுக்கு அது ஆகாது."

இந்தப் பிள்ளை இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி எட்சன் கேட்டதே இல்லை. கடையில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அவன் பார்க்கவில்லை. ஆனாலும் பொம்மைக்காரன் ரோஷம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"எல்லாருக்கும் அப்பிடி மெனக்கெட முடியுமா மக்கா? நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரு நாள் சந்தோஷம் வேணும். அதுக்கு எனக்க கார் போதும்லா?"

ஜெபிஷா நியாயமாக யோசித்தாள். "போதும். எனக்கும் நாலு வயசுல அதுதான் பிடிச்சிருந்து."

அவளுக்கு ஆறு வயதானபோதுதான் அஜின் அந்த வண்டியைக் கொண்டுவந்தான். வண்டி என்றா சொல்வது? பெட்டி நிறையத் துண்டும் துணுக்கும் ஸ்குரூவும். லீவு முழுக்க அப்பாவும் மகளும் தரையில் உட்கார்ந்து அதைப் பூட்டினார்கள். ஸ்குரூ ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க முட்டைத் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டுவைப்பானாம் அஜின். அவள் பிறந்தநாள் அன்று சபை மைதானத்தில் ஓட்டினார்களாம். அவன் போன பிறகு வண்டி அலமாரிக்கு மேலே, அவனுடைய துவர்த்தில் சுற்றி இருக்கிறது. குளித்துத் துடைக்கிற அந்தத் துண்டைக்கூட அவள் வேறெதற்கும் எடுக்க விட்டதில்லை.

"பாட்டரி இப்பம் செத்திருக்குமே" என்றான் எட்சன்.

"இல்ல. மாசத்துல ஒருக்கா சார்ஜ் போடுவேன்."

"ஓட்டாமலா?"

"ஓட்டாமத்தான்."

"பின்ன என்னத்துக்கு?"

"சாவக்கூடாதுன்னு" என்றாள் ஜெபிஷா.

எட்சன் எழுந்து போய்த் தேவையே இல்லாமல் பைகளை அடுக்கினான். கண்ணைத் துடைக்க ஒரு சாக்கு வேண்டும் அல்லவா. திரும்பி வந்தபோது அவளே கேட்டாள்.

"இண்ணைக்கு ஓட்டுவமா? ரிமோட்டுக்கு எட்டு செல் வேணும். உண்டா?"

செல் விற்கிறவனிடம் செல் உண்டா என்று ஒரு பிள்ளை கேட்கிறாள். எட்சன் பெட்டியோடு எடுத்துக்கொண்டான். கடையைத் தேவகனி தலையில் கட்டிவிட்டு, பிற்பகலிலேயே அவளோடு கிளம்பி, வீட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான்.

சபை மைதானம் மேட்டு நிலம். ஒரு பக்கம் கோயில் சுவர், மறு பக்கம் மேட்டு மண் சரியாமல் இருக்க மைதான மட்டம் வரை கல்லடுக்கிக் கட்டிய கய்யாலை. கய்யாலைக்குக் கீழே ஆள் உயரத்துக்கும் மேலான பள்ளத்தில் ரப்பர்த் தோட்டம்.

ஜெபிஷா துவர்த்தை விரித்து வண்டியை வெளியே எடுத்தாள். "முதல்ல ரிமோட்டை ஆன் பண்ணணும். பிறகுதான் வண்டி" என்று சொல்லிக்கொண்டே செய்தாள். டிரிகரில் விரலை வைத்து, ஒரு முறை எடுத்து, மறுபடி வைத்தாள்.

வண்டி நகர்ந்தது. முதலில் அவள் சொன்ன எறும்பு வேகம். பிறகு மைதானத்தை ஒரு வட்டம். அப்புறம் செம்மண் பறக்க ஒரு பாய்ச்சல், வளைவில் வேகம் குறைந்து மறுபடி பாய்ச்சல். எட்சன் தன் ஆயுளில் எத்தனையோ ரிமோட் கார் ஓட்டிக்காட்டியிருக்கிறான். இது வேறு சாதி என்று அவனுக்கு அந்த முதல் வட்டத்திலேயே தெரிந்துவிட்டது. அவளோ வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் வண்டியை விட்டு அவளைப் பார்த்தான்.

"ஓட்டுதியளா?" என்று ரிமோட்டை நீட்டினாள்.

எட்சன் இரண்டு கையாலும் வாங்கினான். ஆராதனையில் திருவிருந்து அப்பம் வாங்கும்போதுகூட அவன் அத்தனை பயபக்தியோடு கை நீட்டியிருக்க மாட்டான்.

பைய இழுத்தான். பைய போனது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் டியூட்டி முடிந்து சஜிதாவின் ஸ்கூட்டர் மைதான வாசலில் வந்து நின்றது. நான்கு வருடமாக அலமாரி மேல் கிடந்த வண்டி ஓடுவதையும், பக்கத்தில் மகள் நிற்பதையும் பார்த்து, அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டாள்.

எட்சனுக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டியை அவள் காலடி வரை ஓட்டிப் போய், ஒரு சின்ன உதறல்கூட இல்லாமல் நிறுத்தினான். "பாத்தியா சஜி" என்றான். சொல்லும்போதே கட்டைவிரல் தன் பழக்கத்தைச் செய்தது. ரிமோட்டைத் தட்டி அணைத்துவிட்டது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வண்டியின் முன்சக்கரங்கள் இடமும் வலமும் உதறின. கட்டளை சொல்ல ஆள் இல்லாத வண்டி தானே ஒரு முடிவுக்கு வந்ததுபோல் முழு வேகத்தில் கிளம்பியது. எட்சன் டிரிகரை அழுத்தினான், திருப்பினான், எதுவும் அதற்குக் கேட்கவில்லை. மைதானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடி, கய்யாலை விளிம்பைத் தாண்டிக் கீழே சாடியது.

மூவரும் ஓடினார்கள். ரப்பர்ச் சருகுக்குள் வண்டி கவிழ்ந்து கிடந்தது. பின்சக்கரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

"ரிமோட்டைப் போடுங்க" என்றாள் ஜெபிஷா. சத்தம் தாழ்ந்திருந்தது.

அவன் போட்டான். சக்கரம் நின்றது. அவள் குனிந்து வண்டியின் அடியில் இருந்த சுவிட்சை அணைத்தாள். பிறகு தூக்கிப் பார்த்தாள். முன் வலது சக்கரம் தொங்கியது. அதைத் தாங்கும் கை இரண்டாக ஒடிந்திருந்தது.

அப்போது எட்சனின் வாயிலிருந்து அது வந்தது. நல்ல மனதோடுதான் வந்தது. அதுதான் கொடுமை.

"போட்டு மக்கா. நான் புதுசு வாங்கித் தாரேன்."

ஜெபிஷா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஒண்ணு போனா புதுசு வாங்கிருவிய, இல்லியா?"

"ஏட்டி" என்றாள் சஜிதா. "பெரியவங்ககிட்ட இப்பிடியா பேசியது?"

எட்சன் அவளைக் கையால் தடுத்தான். பிள்ளை வண்டியை மட்டும் சொல்லவில்லை, அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. சஜிதாவுக்கும் புரிந்ததால்தான் அவள் கண் கலங்கியது. ஜெபிஷா வண்டியைத் துவர்த்தில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாருக்கும் காத்திராமல் வீட்டுக்கு நடந்தாள்.

சாயங்காலம் வெட்டுவதற்கு வாங்கிவைத்த கேக் மேசையில் அப்படியே இருந்தது. ஜெபிஷாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. எட்சன் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க வேணும்னா செஞ்சிய? பழக்கம்தானே" என்று சஜிதா தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"பழக்கம்தான். ரிமோட் அணைஞ்சா வண்டி நிக்கும்னு இருந்தேன் சஜி. எனக்க கடையில எல்லாம் நிக்கும்."

சொன்னபோதுதான் அவனுக்கு வேறொன்று உறைத்தது. அஜின் என்ற மனிதன் திடீரென்று அணைந்துபோனான். இவர்கள் இரண்டு பேரும் நின்ற இடத்திலேயா நின்றார்கள்? யாரும் ஓட்டாமல், எங்கே போகிறோம் என்று தெரியாமல், எத்தனை தூரம் ஓடி வந்திருப்பார்கள். தான் மட்டும் மினுங்குகிற தாளில் ஒரு சந்தோஷத்தைச் சுற்றி நீட்டினால் போதும் என்று இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

தேநீரைக் குடிக்காமல் அடுக்களைக்குப் போனான். தட்டில் இருந்த முட்டைகளை ஒரு பாத்திரத்துக்கு மாற்றினான். வெறும் முட்டைத் தட்டையும் ஸ்குரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினான். சஜிதா அவன் பின்னால் வந்து நின்றாள்.

கதவு கொஞ்சம் திறந்தது.

"எனக்கு இதைக் கழத்தத் தெரியாது" என்றான். "நீ சொன்னா, பிடிச்சிட்டு இருப்பேன்."

ஜெபிஷா முட்டைத் தட்டையே பார்த்தாள்.

"புதுசு வாங்கித் தாரேன்னு சொன்னது தப்பு மக்கா. கடையில சொல்லிச் சொல்லி நாக்கு அப்பிடிப் பழகிட்டு. இதுக்குப் புதுசு கிடையாது. எனக்குத் தெரியும்."

அவள் கதவை முழுசாகத் திறந்தாள். அழுதிருந்த முகம்.

"தப்பு எனக்கும் உண்டு" என்றாள். "ஆன் பண்ணுதது சொன்னேன். ஆஃப் பண்ணுதது சொல்லல்ல. அப்பா எனக்கு முதல்ல படிப்பிச்சதே அதுதான். வண்டி உறங்கின பிறகுதான் ரிமோட் உறங்கணும்னு சொல்லுவாவ. எனக்கு ஓர்மை இல்லாமப் போச்சு."

எட்சன் தரையில் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள்.

அவள் சொல்லச் சொல்ல அவன் பிடித்தான். சக்கரம் வந்தது, ஸ்பிரிங் வந்தது, ஒவ்வொரு ஸ்குரூவும் முட்டைக் குழிக்குள் வரிசையாக இறங்கியது. கடைசியில் ஒடிந்த கை தனியாக வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. விரல் நீளம்கூட இல்லை. எட்சன் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கியர், மோட்டார், அச்சு, எல்லாம் சரியாக இருந்தன. அத்தனை உயரத்திலிருந்து விழுந்ததற்கு அவன் கடைக் கார் என்றால் நேரே செத்த பெட்டிக்குத்தான் போயிருக்கும்.

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான். இது ஒண்ணு மாத்தினா ஓடும்."

"எங்க கிடைக்கும்? திருவனந்தபுரத்துல கேக்கட்டா?"

"இந்த மாடல் இப்பம் வரல்ல. நான் முன்னமே நெட்டுல தேடியாச்சு" என்றாள். ஒடிந்த துண்டை வாங்கி விரலால் தடவினாள். "அப்பா கூடுதலாட்டு ஒண்ணு வாங்கி வச்சிருந்தாவ. ஷார்ஜாவுல இருந்து சாதனம் எல்லாம் ஒரு பெட்டியில வந்துதுல்லா, அதுக்குள்ள இருக்கும்."

"அந்தப் பெட்டி எங்க?"

"பெரியப்பா வீட்டுல."

வாசலில் நின்றுகொண்டிருந்த சஜிதா அவசரமாக, "வேண்டாம் ஜெபி. அவர் எடுக்கமாட்டார்" என்றாள். காலையிலிருந்து வராத அழைப்பை அவளும்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜெபிஷா கை நீட்டினாள். சஜிதா போனைக் கொடுத்தாள். மணி வெகுநேரம் அடித்தது. அறையில் மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹலோ." மத்தியாஸின் கரகரத்த குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"பெரியப்பா, நான் ஜெபிஷா."

நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும் மக்கா. விடியத்தொட்டே விளிக்கணும் விளிக்கணும்னு இருந்தேன்" என்றார்.

"பின்ன ஏன் விளிக்கல்ல?"

அவர் ஒரு முறை இருமினார். ஜெபிஷா வற்புறுத்தவில்லை.

"பெரியப்பா, அப்பாக்க வண்டியில முன்கை ஒடிஞ்சிட்டு. அப்பாக்க பெட்டியில வேற ஒண்ணு உண்டு. அது வேணும்."

"ஒடிஞ்சிட்டா?" குரல் சட்டென்று ஏறியது. "அதை வெளியவே எடுக்கமாட்டியே. யாரு ஒடிச்சது?"

எட்சன் முன்னால் நகர்ந்து வாயைத் திறந்தான். ஜெபிஷா அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"நானும் எட்சனப்பாவும் சேர்ந்து ஓட்டினோம். ரெண்டு பேருக்கும் ஆஃப் பண்ணுததுல தப்பாப்போச்சு" என்றாள்.

தினமும் சொல்லிப் பழகிய பெயரைப் போல்தான் அவள் வாயில் அது வந்தது. சொன்னவளுக்கு ஒன்றுமில்லை. கேட்ட சஜிதாதான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். எட்சன் முட்டைத் தட்டைக் குனிந்து பார்த்தான். குழிகள் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தன.

போனின் மறுமுனையில் மத்தியாஸ் மூச்சு விடுவது கேட்டது.

"பெட்டி இங்கதான் இருக்கு. நான் திறந்து பாத்ததே இல்ல" என்றார் கடைசியில். குரல் வேறு மாதிரி இருந்தது. "நாளைக்கு ஆராதனை முடிஞ்சு வா. வண்டியைக் கொண்டு வா." பிறகு சேர்த்துச் சொன்னார். "அந்த ஆளையும் கூட்டிட்டு வா. எனக்கு அவர்கிட்ட ஒரு காரியம் கேக்க உண்டு."

என்ன காரியம் என்று யாரும் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

சஜிதா எட்சனைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷமும் பயமும் ஒன்றாக இருந்தன. மத்தியாஸ் எப்படிப்பட்ட மனிதர் என்று அவளுக்குத் தெரியும். "போவியளா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வண்டிக்குக் கை வேணும்லா" என்றான் எட்சன்.

ஜெபிஷா சக்கரத்தை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே அவன் பக்கம் திரும்பியவள், அவனுக்கு அருகில் தரையில் இருந்ததைப் பார்த்து நிறுத்தினாள். ரிமோட்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் அவள் போடச் சொன்னபோது போட்டது. வராந்தாவில் மடியில் வைத்திருந்தான், அடுக்களைக்குப் போனபோது கக்கத்தில் இடுக்கியிருந்தான், இங்கே வந்து பக்கத்தில் வைத்திருக்கிறான்.

"இதை இன்னும் ஆஃப் பண்ணல்லியா?"

"இல்ல" என்றான்.

"செல்லு எல்லாம் தீந்துருமே."

"தீந்தா தீரட்டு. எனக்கு அணைக்கப் பயமாட்டு இருந்து மக்கா."

ஜெபிஷா துணியைக் கீழே வைத்தாள். பிறகு வண்டியைத் தூக்கி, அதன் அடியில் இருந்த சுவிட்சை அவனுக்குக் காட்டினாள்.

"வண்டி உறங்கியாச்சு" என்றாள். "இனி நீங்க அணைக்கலாம்."

எட்சன் ஒரு முறைக்கு இரண்டு முறை அந்தச் சுவிட்சைப் பார்த்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் ரிமோட்டை அணைத்தான்.